கடல் தாண்டும் முன் பண்ணையின் பெயர் வேண்டும்: நார்வேயிலிருந்து அமெரிக்கா போன குடும்பத்தின் வேர் தேட ஒரு வழிகாட்டி

1825 ஜூலையில் நார்வேயின் ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டௌரேஷன்' என்ற சிறிய பாய்க்கப்பல் 52 பேரோடு கிளம்பி, அக்டோபர் 9 அன்று நியூயார்க் சேர்ந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேலானவர்கள் அதே கடலைக் கடந்தார்கள். விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, டகோட்டா பக்கம் இன்று இருக்கும் ஏராளமான குடும்பங்கள் அவர்கள் வழி வந்தவை. இந்த மக்களைப் பற்றிய ஏடுகளுக்குப் பஞ்சமே இல்லை. நார்வே அரசு பெரும்பாலானவற்றைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகத் திறந்தும் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் புதிதாகத் தேடுபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே வேறு யாருடைய தாத்தாவையோ தங்கள் தாத்தாவாகத் தத்தெடுத்துக்கொண்டு விடுகிறார்கள். அமெரிக்கப் பக்கத்து வேலையை முடிக்காமல் நார்வே ஏடுகளுக்குத் தாவுவதுதான் காரணம்.

நார்வே ஏடுகளைத் திறக்கும் முன் மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, அந்த ஆள் நார்வேயில் இருந்தபோது இருந்த பெயர், தந்தை பெயரோடு சேர்த்து. இரண்டு, பிறந்த தேதி. வருடம் மட்டும் இருந்தால் போதாது. மூன்று, பண்ணையின் பெயர், அது கிடைக்காவிட்டால் சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தின்) பெயராவது. மூன்றில் இரண்டு உறுதியாக இருந்தால் மூன்றாவதைத் தேடிப் பிடித்துவிடலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னும் அமெரிக்காவிலேயே தேடுங்கள்.

முதலில் பெயர் என்கிற சிக்கு

1923இல் பெயர்ச் சட்டம் வரும்வரை நார்வேக் கிராமத்தாருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. நம் இனிஷியல் முறை மாதிரிதான்: உல் என்பவரின் மகன் ஆண்டர்ஸ், 'ஆண்டர்ஸ் உல்சன்'. அவருடைய மகன் க்னூட், 'க்னூட் ஆண்டர்சன்'. மகள் மாரிட், 'மாரிட் ஆண்டர்ஸ்டாட்டர்'. கல்யாணமானாலும் மாரிட்டின் பெயர் மாறாது. தேடுபவர்களுக்கு இது பெரிய வரம். இறப்புப் பதிவிலும்கூடப் பெரும்பாலும் அவளுடைய அப்பா பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பின்னால் மூன்றாவதாக வருவது பண்ணையின் பெயர். 'ஆண்டர்ஸ் உல்சன் ஹவுகன்' என்றால் ஹவுகன் பண்ணையில் குடியிருக்கும் ஆண்டர்ஸ். அது முகவரி, வம்சப் பெயர் அல்ல. அவர் பக்கத்துப் பண்ணைக்கு வேலைக்குப் போனால் ஏட்டில் பெயரும் மாறிவிடும். ஒரே அப்பாவுக்குப் பிறந்த மூன்று அண்ணன் தம்பிகள் அமெரிக்காவில் மூன்று குடும்பப் பெயர்களோடு வாழ்ந்ததுண்டு: ஒருவர் உல்சன், ஒருவர் ஹவுகன், மூன்றாமவர் கடைசியாக வேலை பார்த்த பண்ணையின் பெயர். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்லிக்கொள்வார்கள். அதை நம்ப வேண்டாம். அங்கிருந்த எழுத்தர்கள் கப்பல் கம்பெனி ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்த பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டது குடும்பத்தாரே, அதுவும் இறங்கிச் சில வருடங்கள் கழித்து, பக்கத்து நிலத்து உல்சனுக்கு வந்த கடிதம் தன் வீட்டுக்கு வருகிறதே என்ற தொல்லையில்.

முதல் பெயரும் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொள்ளும். ஆண்டர்ஸ் ஆண்ட்ரூ ஆவார், லார்ஸ் லூயிஸ் ஆவார், கூரி ஜூலியா, காரி கேரி, ராக்ன்ஹில்ட் ரேச்சல், சிக்ரிட் சாரா. நார்வே ஏட்டிலேயே போதகர் டேனிஷ் பாணியில் பெர் என்பவரைப் பேடர் என்றும் சிரி என்பவளைச் சிக்ரிட் என்றும் எழுதியிருப்பார். பெயரின் எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் தோல்விதான்.

குழந்தைக்குப் பெயர் வைப்பதில் ஒரு வழக்கம் இருந்தது. நமக்குப் புதிதே அல்ல. 'பேரன்' என்ற சொல்லையே பாட்டன் பெயரைச் சுமப்பவன் என்று விளக்குபவர்கள் நாம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மகள்களுக்குப் பாட்டிகளின் பெயர். மனைவி இறந்து மறுமணம் செய்தால், அடுத்துப் பிறக்கும் முதல் மகளுக்கு இறந்துபோன மனைவியின் பெயர். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயர். இரு பக்கத் தாத்தாவும் உல் என்றால் உயிரோடிருக்கும் இரண்டு மகன்களுமே உல். ஆகவே அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். நார்வேயில் தேட வேண்டிய தாத்தா பாட்டி பெயர்கள் அதிலேயே பாதி தெரிந்துவிடும். ஆனால் வழக்கம் வேறு, ஆதாரம் வேறு. இது துப்புக் கொடுக்கும், நிரூபிக்காது.

அமெரிக்காவில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

இறப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் வீட்டில் இருப்பவை: பைபிளின் முதல் பக்கம், பாட்டுப் புத்தகம், மூடியில் பெயரும் வருடமும் வண்ணத்தில் எழுதிய பயணப் பெட்டி, பழைய கடித உறைகள். புகைப்படங்களைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். குடும்பம் சந்தைக்குப் போய்வந்த ஊர் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி வேலை நுணுக்கம் தெரிய, ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொள்வோம். ஆண்ட்ரூ ஹவுகன், மினசோட்டாவில் 1931இல் இறந்தவர். இறப்புச் சான்றிதழில் பிறந்த தேதி 1858 மார்ச் 14, பிறந்த இடம் 'நார்வே', அப்பா 'உல் ஹவுகன்', அம்மா 'மேரி'. இந்த விவரத்தைச் சொன்னது யார் என்று அதே தாளில் பாருங்கள். தாத்தாவைக் கண்ணால் பார்த்திராத மகன் சொல்லியிருப்பார். எனவே தேதியை நம்பலாம், அப்பாவின் பின்பெயரை நம்பக் கூடாது.

அடுத்தது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1850 முதல்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் வரும். 1880 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் வரும். நமக்கு அதிகம் உதவுவது 1900: பிறந்த மாதம், வருடம், அமெரிக்கா வந்த வருடம் மூன்றும் அதில் உண்டு. வந்த வருடத்தை மட்டும் இரண்டு மூன்று வருடம் முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் ஒரே ஆள் மூன்று வெவ்வேறு வருடம் சொல்லியிருப்பார். 1890ஆம் ஆண்டு ஏடுகள் 1921 தீவிபத்தோடு அநேகமாக முழுவதும் போய்விட்டன. அந்த இடைவெளியை மினசோட்டாவின் 1885, 1895 மாநிலக் கணக்கெடுப்புகள் அடைக்கும். குடும்பத்தில் யாராவது 1925இல் அயோவாவில் இருந்தால் அந்த மாநிலக் கணக்கெடுப்பைக் கட்டாயம் பாருங்கள். பெற்றோர் பெயரை, தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட மேலானது லுத்தரன் சபை ஏடு. நார்வேக்காரர்கள் குடியேறிய இடத்தில் கூடிய சீக்கிரம் ஒரு சபையைத் தொடங்கிவிடுவார்கள். போதகர் நார்வேஜிய மொழியில், ஊரில் எழுதிய அதே கட்டங்களோடு ஏடு எழுதுவார். உறுப்பினர் பட்டியலிலும் திருமணப் பதிவிலும் 'நார்வே' என்று மொட்டையாக இருக்காது. 'வால்ட்ரெஸ்' என்று வட்டாரமோ, 'நூர்-அவுர்தால்' என்று அதிலுள்ள சேகரமோ வரும். இந்தச் சபைகளில் பெரும்பாலானவற்றின் ஏடுகள் இன்றைய அமெரிக்க எவாஞ்சலிக்கல் லுத்தரன் சபையின் மைக்ரோஃபிலிம் தொகுப்பில் உள்ளன. ஆன்செஸ்ட்ரி தளத்தில் கட்டணத்துக்குப் பார்க்கலாம். விஸ்கான்சின் மாடிசனில் உள்ள நார்வேஜிய அமெரிக்க வம்சாவளி மையமும் நேசெத் நூலகமும் இதற்கென்றே இருப்பவை. சபை எது என்று தெரியவில்லையா? கல்லறை எந்தச் சபையைச் சேர்ந்தது என்று பாருங்கள், இரங்கல் செய்தியில் அடக்கம் செய்துவைத்த போதகர் பெயரைப் பாருங்கள்.

இரங்கல் செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் மட்டும் தேடிவிட்டு விட்டுவிடாதீர்கள். அயோவாவின் டெக்கோராவிலிருந்து 1874 முதல் 1972 வரை வந்த 'டெக்கோரா-போஸ்டன்', சிகாகோவின் 'ஸ்கண்டினேவன்' போன்ற நார்வேஜியப் பத்திரிகைகள், ஆங்கிலப் பத்திரிகை 'நார்வேயில் பிறந்தவர்' என்று எழுதும் இடத்தில் பண்ணையின் பெயரையே போடும். ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் அமைத்த 'பிக்டெலாக்' சங்கங்களும் உண்டு. 1899இல் வால்ட்ரெஸ்காரர்கள் தொடங்கியதுதான் முதலாவது. அவர்களுடைய ஆண்டு மலர்களில் உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்புகள் நிறைய இருக்கும்.

நிலப் பட்டாவுக்கும் குடியுரிமைக்கும் வருவோம். 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி 160 ஏக்கர் வாங்கியவர் வெளிநாட்டவர் என்றால், குடியுரிமைத் தாளின் நகலையும் அந்தக் கோப்பில் வைத்திருப்பார். இணையத்தில் கிடைக்கும் பட்டா ஒரு பக்கம்தான். விஷயம் இருப்பது தேசிய ஆவணக் காப்பகத்தில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டிய முழுக் கோப்பில். குடியுரிமைத் தாள்கள் 1906 செப்டம்பருக்கு முன் எலும்பும் தோலுமாக இருக்கும், அதற்குப் பிறகு பிறந்த ஊர், கப்பல் எல்லாம் வரும். பழைய தாள்களில் ஒரு பொறி உண்டு. 'ஸ்வீடன், நார்வே மன்னருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறேன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, தாத்தா ஸ்வீடன்காரர் என்று முடிவுகட்டுவார்கள். 1814 முதல் 1905 வரை இரு நாட்டுக்கும் ஒரே மன்னர். அந்த வரி எல்லா நார்வேக்காரர் தாளிலும் இருக்கும்.

'பெர்கன்' என்றால் பெர்கன் அல்ல

இந்தத் தேடலில் இடப்பெயர் கிடைத்ததும் ஏமாறுவது வாடிக்கை. 'பெர்கன்' என்றால் பெர்கன் நகரமாக இருக்கலாம், பெர்கன் மறைமாவட்டம் முழுவதுமாகவும் இருக்கலாம். 'டிரொண்ட்யெம்' என்பதும் அப்படியே. 'கிறிஸ்டியானியா' என்பது இன்றைய ஓஸ்லோ. 1925இல்தான் பெயர் மாறியது. பல பேருக்கு அது கப்பலேறிய துறைமுகம் மட்டுமே. மாவட்டப் பெயர்களும் 1919இல் மாற்றப்பட்டன: பழைய 'கிறிஸ்டியான்ஸ் அம்ட்' ஓப்லாந்து ஆனது, 'பிராட்ஸ்பெர்க்' டெலிமார்க், 'ஸ்மோலெனெனெ' ஓஸ்ட்ஃபோல்ட். 2020இல் ஓப்லாந்தும் ஹெட்மார்க்கும் சேர்ந்து இன்லாந்தெட் என்றாயின. ஏடு எந்த வருடத்தது என்று பார்த்து, அந்த வருடத்துப் பெயரில் தேடுங்கள்.

நமக்கு வேண்டிய அலகு மாவட்டமல்ல, 'பிரெஸ்தெயெல்'. நம்மூர் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரர்கள் சேகரம் என்பார்களே, அதேதான்: ஒரு போதகரின் பொறுப்பில் ஒரு தலைமைச் சபையும் சில கிளைச் சபைகளும். இந்தச் சபைகள் ஒவ்வொன்றுக்கும் 'சொங்ன்' என்று பெயர். ஏடுகள் சேகர வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கிளைச் சபை தனிச் சேகரமாகப் பிரிந்த வருடத்தில் ஏடும் பிரிந்துவிடும். 'திடீரென்று குடும்பமே காணாமல் போய்விட்டது' என்று புலம்பும் முன், சேகரம் பிரிந்ததா என்று பாருங்கள்.

பண்ணை பெயர் தெரிந்து சேகரம் தெரியாவிட்டால் ஓலுஃப் ரீக்கின் 'நோர்ஸ்கெ கோர்ட்நவ்னெ' என்ற பண்ணைப்பெயர்த் தொகுதிகள் கைகொடுக்கும். 1897 முதல் வெளிவந்த இந்தத் தொகுதிகள் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. அபூர்வமான பெயரென்றால் ஒரே சொடுக்கில் ஊர் வந்து நிற்கும். ஹவுகன், பாக்கென், மோயென், லீயென் மாதிரிப் பெயர்களுக்கு நாடெங்கும் பண்ணைகள். 'மேட்டுவீடு', 'சரிவுவீடு' என்பது போன்ற பொருள்தான் அவற்றுக்கு. அங்கே பெயரை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கடலைத் தாண்டும் ஏடுகள்

1867 முதல் கிறிஸ்டியானியாவிலும் டிரொண்ட்யெமிலும், 1874 முதல் பெர்கனிலும் போலீஸார் குடிபெயர்வோர் பதிவேடு வைத்தார்கள். பெயர், வயது, தொழில், சொந்த ஊர், போகுமிடம், கப்பல் அல்லது கம்பெனி, தேதி என்று வரிசையாக இருக்கும். நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிகிடால்ஆர்கீவெ' தளத்தில் இவற்றைப் பெயர் போட்டுத் தேடலாம். ஸ்டாவாங்கரின் பழைய புத்தகங்கள் மட்டும் அழிந்துவிட்டன. இருப்பவை 1903க்குப் பிந்தியவை. போகுமிடத்தில் 'சிகாகோ' என்றிருந்தால் அங்கே குடியேறினார் என்று பொருளல்ல, பயணச்சீட்டு அதுவரைதான் என்று பொருள்.

1867க்கு முன் போனவர்களுக்குச் சேகர ஏட்டின் வெளியேறுவோர் பட்டியல்தான் கதி. ஊரை விட்டுப் போகிறவர் போதகரிடம் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். போதகர் பெயர், வயது, தேதி போட்டு 'அமெரிக்காவுக்கு' என்று குறித்துவைப்பார். எல்லோரும் வாங்கவில்லை, எல்லாப் போதகரும் ஒழுங்காக எழுதவுமில்லை. எனவே இந்தப் பட்டியலில் பெயர் இல்லாதது எதையும் நிரூபிக்காது.

கப்பல் பட்டியலைத் தேடி மாதக்கணக்கில் உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஆசைக்குத் தேடுவது, அவசியத்துக்கு அல்ல. 1850களில் பெரும்பாலான பாய்க்கப்பல்கள் கியூபெக்குக்குப் போயின. கியூபெக் பட்டியல்கள் 1865 முதல்தான் இருக்கின்றன. பிறகு நீராவிக் காலத்தில் பலர் கிறிஸ்டியானியாவிலிருந்து இங்கிலாந்தின் ஹல், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், அங்கிருந்து பெரிய கப்பல் என்று போனார்கள். பிரிட்டனை விட்டுக் கிளம்பியவர்களின் பட்டியல்கள் 1890 முதலானவையே. போலீஸ் ஏட்டில் இருக்கும் கப்பல் ஹல்வரை போன சின்னக் கப்பலாக இருக்கலாம். நியூயார்க் பட்டியலில் அதே பெயரைத் தேடினால் கிடைக்காது. கிளம்பிய தேதிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து வந்த எல்லாக் கப்பல்களையும் பாருங்கள். கண்டுபிடித்தாலும் 1890களுக்கு முந்தைய பட்டியலில் பெயர், வயது, நாடு என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது.

நார்வேக் கணக்கெடுப்பு: ஒரு வயது வித்தியாசம்

பெயரோடு கூடிய கணக்கெடுப்புகள் 1801, 1865, 1875, 1891, 1900, 1910, 1920 ஆகிய ஆண்டுகளுக்கு உண்டு. 1885இல் நகரங்களில் மட்டும். 1815 முதல் 1855 வரையிலானவை அநேகமாக வெறும் எண்ணிக்கைகள். அடுத்தது, 1930 ஏடு, நூறாண்டு விதிப்படி 2030இல் திறக்கும்.

1865இல் நம் ஆண்ட்ரூவை, அதாவது நார்வேயில் ஆண்டர்ஸாக இருந்தவரை, தேடுவோம். 1858 மார்ச்சில் பிறந்தவருக்கு 1865 டிசம்பர் 31 அன்று நிறைந்த வயது 7. ஆனால் ஏட்டில் 8 என்றிருக்கும். அந்தக் கணக்கெடுப்பு நடப்பு வயதைத்தான் கேட்டது. நம் பெரியவர்கள் 'எட்டு நடக்கிறது' என்பார்களே, அப்படி. 1865இலிருந்து எட்டைக் கழித்து 1857 என்று குறித்துக்கொண்டவர், 1857ஆம் வருட ஞானஸ்நானப் பக்கங்களை முழுக்கப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வருவார். 1801இலும் இதே கதைதான். 1875இல் பிறந்த வருடமே எழுதப்பட்டிருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. 1910இல் முழுத் தேதியே உண்டு.

தேடும்போது பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு நட்சத்திரக் குறி வையுங்கள். பின்பெயரில் பண்ணையைப் போட வேண்டாம். பல ஏடுகளில் பண்ணை தனிக் கட்டத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் வட்டமிட்ட 'ஆ' எழுத்து (å) பழைய ஏடுகளில் இரட்டை 'ஏ'யாக (aa) இருக்கும், அகரவரிசையில் கடைசியில் வரும். 1865, 1875 இரண்டிலும் பிறந்த சேகரம் எழுதப்பட்டிருக்கும். அதுதான் அடுத்து எந்த ஏட்டைத் திறக்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி.

சேகர ஏட்டை வாசிப்பது

டிகிடால்ஆர்கீவெயில் சேகரத்தைத் தேர்ந்தெடுத்து, வருடம் போட்டு, 'பிறந்தோர், ஞானஸ்நானம் பெற்றோர்' பகுதியைத் திறந்தால் ஏட்டின் படம் வரும். 1812 முதல் இரண்டு பிரதி எழுத உத்தரவு: ஒன்று போதகருடையது, மற்றது சபை எழுத்தருடையது. தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போய்விடக் கூடாது என்று ஒரே கூரையின் கீழ் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றில் மை ஊறி எழுத்து அழிந்திருந்தால் மற்றதைத் திறவுங்கள். எழுத்தரின் கையெழுத்து பல நேரம் போதகரின் கிறுக்கலைவிடத் தெளிவு.

1820க்குப் பிந்தைய அச்சுக் கட்டங்கள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே: வரிசை எண், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, குழந்தையின் பெயர், முறையான திருமணத்தில் பிறந்ததா இல்லையா, பெற்றோர் பெயர், தொழில், வீடு, கடைசியில் ஞானப்பெற்றோர். கோத்திக் கையெழுத்தைக் கண்டு மிரள வேண்டாம். எழுத்தை எழுத்தாகப் படிக்க முயன்றால் தலைவலிதான் மிச்சம். தெரிந்த சொற்களைப் பிடியுங்கள். பண்ணையாருக்கு 'கோர்மன்', பண்ணை நிலத்தில் குடிசை போட்டு உழைப்பால் வாடகை கொடுத்தவருக்கு 'ஹுஸ்மன்', விதவைக்கு 'எங்கெ', பெண்ணுக்கு 'பீகெ'. இந்த நான்கும் ஒரு பக்கத்தில் இருபது தடவை வரும். அவற்றை வைத்தே அந்தப் போதகரின் 'h', 'n', 'e' எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். 'u'வின் தலையில் ஒரு சிறு கொக்கி இருக்கும், 'n'க்கு இருக்காது. 1880 வாக்கில் கையெழுத்து நமக்குப் பழகிய லத்தீன் வடிவத்துக்கு மாறிவிடும். அதனால் புதிய ஏட்டிலிருந்து பழையதை நோக்கிப் போனால் கண் தானாகப் பழகும்.

தேதியில் இரண்டு கண்ணிவெடிகள். 7 என்ற எண்ணோடு 'பிஆர்' (7br) என்று மாதம் எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர்; லத்தீனில் செப்டம் என்றால் ஏழு. 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். இரண்டாவது, 1700களின் ஏடுகளில் தேதியே இருக்காது. திருநாள் பெயர்தான் இருக்கும். 'திரித்துவ ஞாயிறுக்குப் பின் 3ஆம் ஞாயிறு, 1765' என்று இருந்தால் கணக்குப் போட வேண்டும். அந்த வருட ஈஸ்டர் ஏப்ரல் 7. அதிலிருந்து 56ஆம் நாள், ஜூன் 2, திரித்துவ ஞாயிறு. அதற்கு மூன்று வாரம் கழித்து ஜூன் 23. அதுவும் ஞானஸ்நான நாள்தான், பிறந்த நாள் அல்ல.

ஞானஸ்நானப் பக்கத்தில் தோற்றால், வளர்ந்த பிள்ளைகள் சபை முன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலின் பட்டியலுக்குப் போங்கள். 1736 முதல் அது கட்டாயம்; 14, 15 வயதில் எல்லோரும் போதகர் முன் நின்றாக வேண்டும். பிறந்த தேதி, பெற்றோர், வீடு, வேத அறிவுக்கு மதிப்பெண், அம்மை குத்தினார்களா என்பதுவரை இருக்கும். குடும்பம் சேகரம் விட்டுச் சேகரம் மாறியிருந்தால் இந்தப் பட்டியல்தான் பாலம். திருமணப் பதிவும் தவறவிடக் கூடாதது; மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் அதில் கிடைக்கும்.

இவர்தான் அவர் என்று எப்படிச் சொல்வது

நூர்-அவுர்தாலில் 1858 மார்ச்சில் பிறந்த 'ஆண்டர்ஸ்', அப்பா உல், என்று ஒருவர் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இங்கே கொண்டாடிவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள். நிறுத்துங்கள். அதே சேகரத்தில் அந்த வருடமும் முன்பின் வருடமும் பிறந்த எல்லா 'ஆண்டர்ஸ் உல்சன்'களையும் பட்டியலிடுங்கள். நான்கு பேர் வரலாம். ஒவ்வொருவரையும் கழித்துக்கட்ட முயலுங்கள். 1857 முதல் அடக்கப் பதிவுகளைப் பாருங்கள், ஒருவர் குழந்தையிலேயே இறந்திருப்பார். 1900 கணக்கெடுப்பில் ஒருவர் ஊரிலேயே பண்ணையோடு இருப்பார். ஒருவருக்கு 1884இல் அங்கேயே கல்யாணம் ஆகியிருக்கும், நம்மவரோ 1881இலேயே கப்பலேறியவர். மிஞ்சியவர் 1881 வசந்தத்தில் போலீஸ் ஏட்டில் 23 வயதோடு இருந்து, அவர் பிறந்த தேதி மினசோட்டா சபை ஏட்டின் தேதியோடு பொருந்தி, அம்மா மாரிட் என்பது இறப்புச் சான்றின் 'மேரி'யோடு ஒத்துப்போனால் மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள். நாள் ஒன்றிரண்டு பிசகினால் பரவாயில்லை. பெற்றோர் பெயர் இரண்டும் பொருந்தாவிட்டால், மற்றது எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் விட்டுவிடுங்கள்.

ஞானப்பெற்றோரை மறக்காதீர்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரூவின் மூத்த பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தோர், ஒரே ஊர்க்காரர்கள். ஆண்டர்ஸின் வழி அடைத்துக்கொண்டால், அவர் தம்பியின் வழியாகவோ பக்கத்து நிலத்துக்காரர் வழியாகவோ அதே பண்ணைக்குப் போய்ச் சேரலாம்.

ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் சேகரம், போதகர் ஏடா எழுத்தர் ஏடா, ஏட்டின் எண், பகுதி, வருடம், பக்கம், வரிசை எண் ஆகியவற்றையும் படத்தின் நிரந்தர இணைப்பையும் எழுதி வையுங்கள். தேடிக் கிடைக்காததையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே பக்கங்களை மறுபடி புரட்டுவீர்கள்.

பண்ணைக்கு வந்த பிறகு

சேகரமும் பண்ணையும் உறுதியானதும் 'பிக்டெபூக்' இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வட்டாரத்தின் பண்ணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, யார் யார் எந்த வருடம் குடியிருந்தார்கள் என்று எழுதிய உள்ளூர் வரலாறு அது. 'எஃப்' என்றால் பிறப்பு, 'டி' இறப்பு, 'ஜி.எம்.' என்றால் இன்னாரை மணந்தவர், 'யூ.டி.வி.' என்றால் குடிபெயர்ந்தவர். பல புத்தகங்களை நார்வே தேசிய நூலகம் மின்னாக்கியிருக்கிறது. பதிப்புரிமை உள்ளவை நார்வேக்குள்ளிருந்து மட்டுமே திறக்கும். நூறு வருட வரலாற்றை ஒரே மாலையில் கொடுத்துவிடும் புத்தகம் என்பதால் மயங்கிவிடாதீர்கள். ஒரே பெயருள்ள இருவரை ஒட்டிவைத்த தவறுகள் இதிலும் உண்டு; சேகர ஏட்டோடு ஒப்பிட்ட பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் பின்னால் போக 'ஷிஃப்தெ' ஏடுகள், அதாவது இறந்தவர் சொத்தின் பாகப்பிரிவினைப் பதிவுகள். ஒரு மாடு, இரண்டு வெள்ளிக் கரண்டி, ஒரு கிழிந்த போர்வைவரை விலை போட்டு எழுதி, வாரிசுகள் யார், எங்கே இருக்கிறார்கள், மகள் என்றால் யாரை மணந்தாள் என்று சொல்லிவிடும். 1854 வரை மகனுக்குக் கிடைத்ததில் பாதிதான் மகளுக்கு. பங்குத் தொகையைப் பார்த்தே, பெயர் மங்கிப்போன வாரிசு ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். பண்ணையாருக்கு இந்த ஏடு இருக்க வாய்ப்பு அதிகம், ஹுஸ்மனுக்குக் குறைவு. ஹுஸ்மன் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் சேகர ஏடும் கணக்கெடுப்புமே எல்லை.

நிலத்துக்கு இரண்டு எண்கள் உண்டு: பண்ணைக்கு ஒன்று, அதன் உட்பிரிவுக்கு ஒன்று. நம் சர்வே எண், உட்பிரிவு எண் போலத்தான். 1886 நிலப் பதிவேட்டில் கொடுக்கப்பட்ட இந்த எண்கள் பெரும்பாலான இடங்களில் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், நார்வே நிலஅளவைத் துறையின் இணைய வரைபடத்தில் போட்டால் அந்த வீட்டுக் கூரையே தெரியும். ஹுஸ்மனின் குடிசைக்குத் தனி எண் கிடையாது. பண்ணைப் பெயரோடு 'ஐயெ' என்ற ஒட்டு சேர்ந்திருந்தால் அந்தப் பண்ணைக்கு உட்பட்ட குடிசை என்று பொருள். அதை இன்றைய வரைபடத்தில் தேடிப் பயனில்லை. அதே துறையின் பழைய வரைபடங்களில், பெரிய பண்ணைக்கு மேலே காட்டோரமாக, ஒரு சிறு கரும்புள்ளியாகத் தேடுங்கள்.